நிறம் தவறியது, ஒளிநிழல் தவறவில்லை: டிஜிட்டல் ஓவிய வகுப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

உயர்நிலைப் பள்ளியில் ஓவியமும் டிஜிட்டல் ஊடகமும் சேர்ந்த ஒரு பாடத்தில், ஒரு மாணவனுக்கு ஒரு கல்வியாண்டில் நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை இங்கே எழுதுகிறேன். அவனும் அவன் பெற்றோரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன், பெயர்கள் எதுவும் இதில் இல்லை. சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறைபாடு அபூர்வமானதல்ல. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவர், பெண்களில் சுமார் 200 பேருக்கு ஒருவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு, மற்ற மக்களிடையே இது சற்றுக் குறைவு. எப்படிக் கணக்குப் போட்டாலும், சில ஆண்டுகள் ஓவியம் கற்பித்த யாருடைய வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

## பாடமும் படிவமும்

15, 16 வயதுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பு. முதல் பருவத்தில் பென்சில், கரி, வாட்டர் கலர் என்று முழுக்கக் காகிதம். இரண்டாம் பருவத்தில் டேப்லெட்டும் ஸ்டைலஸும். மூன்றாம் பருவத்தில் போஸ்டர், புகைப்படம், குறும்படம். காகிதப் பகுதிக்கு ஓர் ஆசிரியர், திரைப் பகுதிக்கு இன்னோர் ஆசிரியர். இரண்டையும் இணைத்துப் பாடத்திட்டமும் மதிப்பீட்டுப் படிவமும் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது.

படிவத்தில் ஐந்து தலைப்புகள்: அமைப்பு, கோடு, ஒளிநிழல், நிறம், எண்ணம். தலைப்புக்கு 20 மதிப்பெண். நிறம் என்பதன் கீழே "நிறங்கள் இயல்பாகவும் ஒன்றோடொன்று இணங்கியும் உள்ளன" என்று ஒரே ஒரு வரி. பல ஆண்டுகளாக எல்லோரும் கேள்வி கேட்காமல் பயன்படுத்திவந்த வரி அது. யாருடைய கண்ணுக்கு இயல்பு என்று அது சொல்லவில்லை.

## காகிதத்தில் எந்தத் தடங்கலும் இல்லை

முதல் பருவத்தில் அந்த மாணவன் வகுப்பின் நல்ல கைகளில் ஒருவன். கரியில் வரைந்த துணி மடிப்புகளைக் காகித ஆசிரியர் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுமளவுக்கு இருந்தன. வாட்டர் கலர் முகமும் நன்றாகவே வந்தது.

அப்போதே கண்ணில் பட்ட சில விஷயங்கள் உண்டு. அவனுடைய ஸ்கெட்ச் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கலவைக் குறிப்புகள் இருந்தன: முகத்துக்கு யெல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் நிறையத் தண்ணீரும், நிழலுக்கு அதோடு அல்ட்ராமரைன் துளி, இலைக்கு இன்னது, மண்ணுக்கு இன்னது என்று. ஆசிரியர் இதை ஒழுங்கான பழக்கம் என்று பாராட்டினார், பாராட்ட வேண்டியதும்தான். கலர் பென்சில் எடுக்கும்போது அதைத் திருப்பி, மேலே அச்சிட்ட பெயரைப் படித்துவிட்டுத்தான் வரைவான். டியூப்களை எப்போதும் ஒரே வரிசையில் அடுக்கியிருப்பான், பக்கத்தில் இருக்கிறவர் எடுத்து இடம் மாற்றி வைத்தால் மட்டும் கோபம் வரும், மற்றபடி அமைதியான பையன். தனித்தனியாகப் பார்த்தால் இவை எதுவுமே வித்தியாசமானவை அல்ல. கவனமாக வேலை செய்யும் பல பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள்.

## திரைக்கு மாறியபின் தெரிந்தது

இரண்டாம் பருவத்தின் முதல் பயிற்சி, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை வரைவது. அவன் படத்தில் வெளிச்சம் படும் கன்னம் ஆரஞ்சுச் சாயலில் சரியாக இருந்தது, தாடைக்கும் கழுத்துக்கும் கீழே நிழல் முழுக்க ஆலிவ் பச்சை. அடுத்த பயிற்சியில் மரம்: அடிமரம் கரும்பச்சை, இலைகளில் துருப்பிடித்த பழுப்பு. மாலை வானத்தில், மாதிரிப் புகைப்படம் நீலமாக இருந்த இடத்தில் இவன் படத்தில் ஊதா.

பச்சை முகத்தைப் பார்த்து வகுப்பில் சிலர் நல்ல ஸ்டைல் என்றார்கள். திரை ஆசிரியர் அவனிடம் "வேணும்னுதான் பண்ணியா?" என்று கேட்டார். "ஆமா டீச்சர்" என்றான். அது உண்மையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்விக்கு ஒரு பதினைந்து வயதுப் பையன் வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

மூன்று படங்களுக்கும் நிறத்தில் 20க்கு 6, 7 என்ற அளவில்தான் மதிப்பெண் வந்தது. பக்கத்தில் "நிறத்தில் கவனம் தேவை" என்ற குறிப்பு. வீட்டில் உட்கார்ந்து திருத்திக்கொண்டு வந்தான், திருத்திய படம் முன்னதைவிட மோசமாக இருந்தது. அப்புறம் அவன் வேலையில் ஒரு மாற்றம் வந்தது. அடுத்த இரண்டு படங்களிலும் நீலமும் மஞ்சளும் சாம்பலும் தவிர வேறு எதுவுமே இல்லை. இதற்கும் "நிறத்தேர்வு மிகக் குறுகியது" என்று குறிப்பு எழுதப்பட்டது. பிழை வராத இடத்துக்கு அவன் ஒதுங்கிக்கொண்டான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் புரியவில்லை. வகுப்பில் பேச்சும் குறைந்தது, முன்பு முதல் ஆளாக வேலையைத் தொடங்குகிறவன் இப்போது மற்றவர்கள் தொடங்கும்வரை காத்திருந்தான்.

## முதலில் சந்தேகித்தவை

பருவத்தின் நடுவில் மூவரும் உட்கார்ந்து பேசினோம். கரியில் அவ்வளவு நுட்பமாக வரைகிறவன் திரையில் மட்டும் ஏன் தடுமாறுகிறான் என்ற கேள்வியைக் காகித ஆசிரியர்தான் எழுப்பினார்.

முதல் சந்தேகம் கருவி. மாலைநேரத்தில் நீல ஒளியைக் குறைக்கும் நைட் மோட் சில டேப்லெட்களில் தானாக இயங்கும். அது இயங்கினால் திரை முழுக்க மஞ்சளாகிவிடும், அந்தத் திரையை நம்பித் தேர்ந்த நிறம் வேறு திரையில் வேறாகத் தெரியும். சோதித்தோம், அது அணைந்தே இருந்தது. இருந்தாலும் அவனுக்கு வேறு டேப்லெட் கொடுத்து, அவனுடையதை வேறொரு மாணவிக்குக் கொடுத்தோம். அவள் படம் வழக்கம்போல வந்தது, இவன் படத்தில் அதே பச்சை நிழல். கருவி காரணமில்லை.

இரண்டாவது, அக்கறையின்மை. இதைச் சொன்ன திரை ஆசிரியருக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் அவன் மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது, வேண்டுமென்றே செய்யும் பாணி. அவனே ஆமாம் என்று சொல்லியிருந்ததால் இதை ஒதுக்கவும் முடியவில்லை.

## கருப்பு வெள்ளையில் பார்த்தபோது

திருப்பம் வந்தது ஒரு வழக்கமான வேலையின்போது. ஒளிநிழலை மதிப்பிட ஓவியர்கள் செய்யும் எளிய உத்தி ஒன்று உண்டு: படத்துக்கு மேலே புதிய லேயர் (அடுக்கு) ஒன்றைப் போட்டு, அதைச் சாம்பல் நிறத்தால் நிரப்பி, அது கீழே உள்ள படத்தோடு கலக்கும் விதத்தை, அதாவது பிளெண்டிங் மோடை, 'கலர்' என்று மாற்றினால் கீழே உள்ள படம் கருப்பு வெள்ளையாகத் தெரியும், ஒளியும் இருளும் மட்டும் மிஞ்சும். வகுப்பின் எல்லாக் கோப்புகளையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுடைய பச்சை முகம் கருப்பு வெள்ளையானதும் அறையில் இருந்த மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வகுப்பிலேயே சிறந்த ஒளிநிழல் அதுதான். கன்னத்திலிருந்து தாடைக்கு இறங்கும் இருள், மூக்கின் ஓரத்து மெல்லிய எதிரொளி, எல்லாம் அளந்து வைத்தது போல இருந்தன.

அக்கறை இல்லாதவன் இப்படி வரைய முடியாது. அதோடு அந்த இரண்டாவது சந்தேகம் போனது.

பிறகு திரை ஆசிரியர் நிறத்தை எடுத்துக் காட்டும் ஐ-டிராப்பர் கருவியை வைத்து எண்களைப் படித்தார். நிறத்தை எண்ணாகச் சொல்லும் முறைகளில் ஹியூ (எந்த நிறம்), சாச்சுரேஷன் (எவ்வளவு செறிவு), பிரைட்னஸ் (எவ்வளவு வெளிச்சம்) என்ற முறை ஓவியருக்கு வசதியானது. ஹியூ என்பது 0 முதல் 360 பாகை வரையிலான வட்டம், 0 சிவப்பு, 60 மஞ்சள், 120 பச்சை, 240 நீலம். வெளிச்சம் பட்ட கன்னத்தில் ஹியூ 25 அளவில் இருந்தது, சரியானது. நிழலில் 70, 75. அடிமரத்தில் 30 இருக்க வேண்டிய இடத்தில் 90. வானத்தில் 215 இருக்க வேண்டிய இடத்தில் 265.

இங்கேதான் விஷயம் பிடிபட்டது. கவனக்குறைவால் வரும் பிழை எல்லாப் பக்கமும் சிதறும், மஞ்சளுக்குப் பதில் நீலமும் வரும். இவன் ஒருமுறைகூட மஞ்சளையும் நீலத்தையும் மாற்றவில்லை. ஆரஞ்சுப் பழுப்பும் மஞ்சள் பச்சையும் தமக்குள் இடம் மாறின, நீலமும் ஊதாவும் மாறின, வெளிறிய ரோஜாவும் சாம்பலும் மாறின. பிழை எல்லாம் ஒரே திசையில், ஒரே ஒழுங்கில். பிழைக்கு இவ்வளவு ஒழுங்கு இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும்.

நம் விழித்திரையில் நீண்ட, நடுத்தர, குறுகிய அலைநீளங்களுக்கு அதிகம் தூண்டப்படும் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. நடுத்தர வகை வேலை செய்யாவிட்டாலோ திரிந்திருந்தாலோ அது டியூட்டன் வகைக் குறைபாடு, நீண்ட வகையில் அப்படி இருந்தால் புரோட்டன் வகை. இரண்டிலும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் குறைகிறது, நீலம்-மஞ்சள் வேறுபாடு பத்திரமாக இருக்கிறது. அவன் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஒதுங்கியது ஏன் என்பதும், டியூப்பும் பென்சிலும் இருந்தவரை ஏன் பிழையே வரவில்லை என்பதும் ஒரே நேரத்தில் விளங்கின. டியூப்பில் பெயர் அச்சிட்டிருக்கிறது. திரையில் நிறம் தேர்ந்தெடுக்கும் வட்டமான கலர் வீலில் பெயர் கிடையாது.

## யார் பேசுவது, எப்படிப் பேசுவது

நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா அட்டைகளை இணையத்தில் எடுத்து டேப்லெட்டில் காட்டிப் பார்த்துவிடலாமா என்ற யோசனை முதலில் வந்தது. ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்த அட்டைகள் குறிப்பிட்ட மையில் அச்சிட்டு, குறிப்பிட்ட வெளிச்சத்தில் காட்ட வேண்டியவை. திரைக்குத் திரை நிறம் மாறும், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, கண்டறிவது எங்கள் வேலையும் அல்ல. வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

அவன் நம்பிக்கை வைத்திருந்த காகித ஆசிரியர் வகுப்பு முடிந்த பிறகு தனியாகப் பேசுவது என்று தீர்மானித்தோம். படத்தைக் கருப்பு வெள்ளையில் காட்டி, ஒளிநிழல் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினார். பிறகு ஸ்கெட்ச் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பற்றிக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவன் சொன்னது: "பேர் இருந்தா தப்பு வராது டீச்சர். டேப்லெட்ல பேரே இல்ல. எனக்குக் கலர் சென்ஸ் இல்லன்னு நெனச்சேன்."

கண்ணில் ஏதோ வேறுபாடு இருக்கலாம் என்பதே அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. தோன்றாதது இயல்பு. அணுக் கொள்கையால் அறியப்படும் ஜான் டால்டன், ஒரு ஜெரேனியம் பூ பகலில் தனக்கு வான்நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேறு நிறமாகவும் தெரிவதைக் கவனித்துத் தன் பார்வை மற்றவர்களுடையது போல இல்லை என்று உணர்ந்தது 1792இல், அப்போது அவருக்கு 26 வயது. 1794இல் அதைக் கட்டுரையாக வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கும் என்பது அவர் ஊகம், அது தவறு. அவர் விட்டுச்சென்ற கண்ணின் திசுவை 1995இல் மரபணுச் சோதனை செய்தபோது டியூட்டன் வகை என்று தெரிந்தது. உலகின் மிகக் கூர்மையான கவனிப்பாளர்களில் ஒருவருக்கே 26 ஆண்டுகள் ஆயின. காகித ஆசிரியர் இந்தக் கதையை அவனிடம் சொன்னார், அவன் முகம் இளகியது அப்போதுதான் என்றும் எங்களிடம் சொன்னார்.

அன்று மாலையே அவன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினோம். குறைபாடு என்று நாங்கள் சொல்லவில்லை. வகுப்பில் பார்த்ததை மட்டும் சொல்லி, கண் மருத்துவரிடம் நிறப்பார்வைச் சோதனை கேட்கலாம் என்றோம். அவர் உடனே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார், சட்டை எடுக்கும்போது நிறம் என்னவென்று எப்போதும் யாரையாவது கேட்பாராம். இந்த மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வருவதுதான் வழக்கமான பாதை.

மருத்துவர் இஷிஹாரா அட்டைகளோடு, 15 வண்ண வில்லைகளை வரிசைப்படுத்தும் ஃபார்ன்ஸ்வொர்த் சோதனையும் செய்தார். டியூட்டன் வகை, அழுத்தமானது. பிறவியிலேயே உள்ளது, கூடவும் செய்யாது குறையவும் செய்யாது, சிகிச்சை இல்லை.

## எடுத்த முடிவுகளும் விட்டவையும்

மூவரும் மறுபடி உட்கார்ந்தோம், இந்த முறை ஒரு பகுதிக்கு அவனும் கூட இருந்தான். அவனைக் கேட்காமல் எதுவும் முடிவு செய்யக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

நிறப் பயிற்சிகளிலிருந்து விலக்கு அளிப்பது முதல் யோசனை. எளிது, கருணையாகவும் தெரியும். ஆனால் அது பாடத்தின் பாதியை அவனிடமிருந்து எடுத்துவிடும். விட்டுவிட்டோம். கருப்பு வெள்ளையில் அவனுக்குச் சிறப்புத் திட்டம் கொடுப்பது அடுத்த யோசனை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தை எட்சிங்கில் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையில்) வரைந்த சார்ல் மெரியோன், நிறப்பார்வைக் குறைபாட்டால்தான் வண்ண ஓவியத்தை விட்டு அச்சுக்கலைக்குப் போனார். அந்தப் படங்களை அவனுக்குக் காட்டினோம், அவனுக்கு மிகவும் பிடித்திருந்தன. இருந்தாலும், "எனக்குக் கலரும் வேணும் டீச்சர்" என்றான். அத்தோடு அந்த யோசனையும் போனது.

நிறம் சொல்ல ஒரு நண்பனைப் பக்கத்தில் உட்கார வைப்பதை அவன் விரும்பவில்லை, எப்போதும் இன்னொருவரைச் சார்ந்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் நாங்களும் வலியுறுத்தவில்லை. வண்ணம் பிரித்துக் காட்டும் கண்ணாடிகளைப் பற்றி வீட்டில் கேட்டார்கள். அவை சில நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுமே தவிர, இல்லாத நிறப்பார்வையைத் தராது, கூடவே வேறு சில நிறங்களை மாற்றியும் விடும். பள்ளி வேலைக்காக வாங்க வேண்டாம், வேண்டுமானால் மருத்துவரைக் கேளுங்கள் என்றோம்.

எடுத்துக்கொண்டது, காகிதத்தில் அவனே கண்டுபிடித்திருந்த வழியைத் திரைக்குக் கொண்டுவருவது. டியூப்பில் பெயர் இருந்தது போலத் திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயரும் எண்ணும் இருக்கட்டும். பெயரிட்ட ஸ்வாட்ச் (நிறமாதிரி) தொகுப்பு ஒன்று, கலர் வீலுக்குப் பதிலாக எண் காட்டும் ஸ்லைடர்கள். இதை வகுப்பு முழுவதற்கும் பொதுவான முறையாகவே அறிமுகப்படுத்தினோம், எந்த மாணவருக்காக என்று யாரும் கேட்கவில்லை. எண்ணில் நிறம் பேசக் கற்றுக்கொள்வது எல்லோருக்கும் பயன்படும் என்பது எங்கள் நம்பிக்கை, அது வீண்போகவில்லை.

## எண்களோடு வேலை

முதலில் அவனே புகைப்படங்களிலிருந்து ஐ-டிராப்பரால் எண்களை எடுத்து அட்டவணை தயாரித்தான். தோலுக்கு ஹியூ பெரும்பாலும் 10க்கும் 35க்கும் இடையில், இலைக்கு 70இலிருந்து 140 வரை, பகல் வானத்துக்கு 200ஐ ஒட்டி. பழுப்பு அவனை வியக்க வைத்தது. ஹியூவில் அது ஆரஞ்சு இருக்கும் அதே இடம்தான், பிரைட்னஸ் மட்டும் குறைவு. பெயரளவில் வேறு வேறாக மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு நிறங்கள் எண்ணில் உறவாகிவிட்டன. நன்றாக நிறம் தெரிகிற பிள்ளைகள் பலருக்கும் இது புதுச் செய்தியாகத்தான் இருந்தது.

சிக்கல் பிரைட்னஸில் வந்தது. பிரைட்னஸ் எண்ணை ஒளிநிழலாக எடுத்துக்கொண்டு வேலை செய்ததில் அவனுடைய பலமான ஒளிநிழலே முதல்முறையாகத் தடுமாறியது. காரணம், இந்த முறையில் முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் பிரைட்னஸ் 100தான், கண்ணுக்கோ மஞ்சள் வெளிச்சம், நீலம் இருட்டு. மனிதப் பார்வையை ஒட்டி அமைந்த லேப் முறையில் பார்த்தால் திரையின் முழு மஞ்சளுக்கு ஒளி அளவு 97, பச்சைக்கு 88, சிவப்புக்கு 53, நீலத்துக்கு வெறும் 32. ஃபோட்டோஷாப்பின் 'டீசாச்சுரேட்' கட்டளையிலும் இதே பொறி இருக்கிறது, முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் ஒரே சாம்பலாக்கிவிடும். 'கலர்' லேயர் உத்தி அப்படிச் செய்வதில்லை. ஆகவே ஹியூவுக்கு எண், ஒளிநிழலுக்குத் தன் கண்ணும் அந்தச் சாம்பல் லேயரும் என்று பிரித்துக்கொண்டான். டியூட்டன் வகையில் ஒளியின் அளவை உணர்வது ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இருக்கும், அதனால் இது அவனுக்குப் பொருந்தியது. புரோட்டன் வகையாக இருந்திருந்தால் சிவப்பு மிக இருண்டு தெரியும், அப்போது கண்ணை நம்பு என்று சொல்லியிருக்க முடியாது. எந்த வகை என்று மருத்துவர் சொல்வது ஆசிரியருக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

அடுத்த தடங்கல், படங்கள் விறைத்துப்போனது. முகம் முழுக்க ஹியூ 25, ஒரே சீராக, களிமண் பொம்மை போல. உண்மையான முகத்தில் நெற்றி சற்று மஞ்சள், கன்னமும் மூக்கும் காதும் சிவப்பு, தாடைப் பகுதி சாம்பல் நீலத்தை நோக்கிப் போகும் என்று ஓவியர்கள் பிரித்துப் பார்க்கும் மரபு உண்டு. அதைக் காகித ஆசிரியர் எண்ணாக மாற்றிக் கொடுத்தார்: நெற்றிக்குச் சில பாகை கூட்டு, கன்னத்துக்குச் சில பாகை குறை, தாடையில் சாச்சுரேஷனைக் குறை. இதற்கு நாட்கள் பிடித்தன, பல படங்கள் பாதியில் நின்றன. ஆனால் இங்கிருந்துதான் அவன் நிறத்தைப் பார்த்து எழுதுவதை விட்டு, திட்டமிட்டு அமைக்கத் தொடங்கினான். 30க்கு எதிர்நிறம் 210, பக்கத்து நிறங்கள் இருபுறமும் 30 பாகைக்குள் என்று வடிவியல் போல யோசித்தான்.

## போஸ்டரும் குறும்படமும்

மூன்றாம் பருவத்தில் போஸ்டர் வேலைக்கு எல்லோருக்கும் ஒரு நிபந்தனை வைத்தோம்: நிறத்தை மட்டுமே நம்பித் தகவல் சொல்லக் கூடாது. இணைய உள்ளடக்கத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல்களில் உள்ள விதிதான் இது, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டையும் அதே வழிகாட்டுதல் கேட்கிறது. ஃபோட்டோஷாப்பின் வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப்பில், புரோட்டன், டியூட்டன் வகைப் பார்வைக்குப் படம் எப்படித் தெரியும் என்று காட்டும் புரோட்டனோப்பியா, டியூட்டரனோப்பியா என்ற இரண்டு தேர்வுகள் இருக்கின்றன, அவற்றை அழுத்தித் தங்கள் போஸ்டரைப் பார்த்த பிள்ளைகள் உறைந்துபோனார்கள். சிவப்பிலும் பச்சையிலும் போட்ட வரைபடக் கோடுகள் இரண்டும் ஒரே மங்கல் பழுப்பாகிவிட்டன. ஒரு மாணவி கோட்டின் முனையிலேயே பெயரை எழுதி, ஒன்றைப் புள்ளிக்கோடாக மாற்றினாள். அவளுடைய போஸ்டர் எல்லோருக்குமே முன்பைவிடத் தெளிவாகிவிட்டது.

குறும்படத்தில் நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வீடியோவில் நிறம் திருத்த வெக்டர்ஸ்கோப் என்ற வட்ட வரைபடம் இருக்கிறது, படத்தில் உள்ள நிறங்கள் அதில் புள்ளிகளாக விழும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே தோலுக்கென்று ஒரு கோடு உண்டு, வெளிர் தோலோ கருந்தோலோ பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். கூடவே சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி பரேடு. மற்றவர்கள் திரையைப் பார்த்துத் திருத்தினார்கள், ஒரே நிறத்தைத் தொடர்ந்து பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும், அதனால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறிக்கொண்டே போனது. இவன் ஸ்கோப்பை மட்டும் பார்த்தான். வகுப்பிலேயே முதலிலிருந்து கடைசிவரை நிறம் சீராக இருந்த படம் இவன் குழுவினுடையது. தொழில்முறையில் நிறம் திருத்துகிறவர்களும் கண்ணை மட்டும் நம்பாமல் ஸ்கோப்பைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள் என்பதை வகுப்பில் எல்லோருக்கும் சொன்னோம், அவன் பெயரைச் சொல்லாமல்.

பருவத்தின் கடைசியில் அவனாகவே மூன்று நண்பர்களிடம் விஷயத்தைச் சொன்னான். அவர்களில் ஒருவன் பார்க்கும் பொருளையெல்லாம் காட்டி "இது என்ன கலர், இது என்ன கலர்" என்று கேட்கத் தொடங்கினான். கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் நாளெல்லாம் கேட்டால் யாருக்கும் வெறுத்துப்போகும். திரை ஆசிரியர் அந்த நண்பனைத் தனியே அழைத்துச் சொன்னதும் நின்றது.

## மதிப்பெண்

படிவத்தின் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டோம். இப்போது ஒவ்வொரு மாணவரும் வேலைக்கு முன்பே தன் நிறத்திட்டத்தை இரண்டு மூன்று வரிகளில் எழுதித் தர வேண்டும், எந்த நிறங்கள், ஏன் என்று. திட்டத்துக்கும் படத்துக்கும் பொருத்தம் எவ்வளவு, திட்டம் சொல்ல வந்த உணர்வுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதற்குத்தான் மதிப்பெண். பச்சை முகமும் இதில் முழு மதிப்பெண் வாங்கலாம், பச்சை ஏன் என்று வரைந்தவருக்குத் தெரிந்திருந்தால்.

பழைய மதிப்பெண்களை உயர்த்துவதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அவனுக்கு மட்டும் உயர்த்தினால் காரணம் வெளியே தெரிந்துவிடும், உயர்த்தாவிட்டால் அவனுக்கு அநியாயம். கடைசியில் யார் வேண்டுமானாலும் இரண்டாம் பருவ வேலைகளில் இரண்டைப் புதிய முறையில் மறுபடி செய்து தரலாம் என்று அறிவித்தோம். பலர் செய்தார்கள். அவன் பச்சை முகத்தையே எடுத்து மறுபடி வரைந்தான், நிறத்தில் 16 கிடைத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கருவி இல்லாமல் வெளியே உட்கார்ந்து கண்ணால் பார்த்து நிறம் கலப்பது அவனுக்கு இன்றும் கடினம், எண் முறை அங்கே உதவாது. பெயர் தெரியாத ஒரு நிறத்தை முதல்முறை பார்க்கும்போது தயங்குகிறான். அதை நாங்கள் தீர்க்கவில்லை.

## அடுத்த ஆண்டு மாற்றப்போவது

திரைப் பகுதியின் முதல் வாரத்திலேயே எல்லோருடைய கோப்பையும் கருப்பு வெள்ளையில் பார்க்கப்போகிறோம், ஒளிநிழல் நன்றாகவும் நிறம் மட்டும் ஒரே திசையில் தவறியும் இருந்தால் பருவம் பாதி போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெயரிட்ட ஸ்வாட்ச் தொகுப்பு முதல் நாளிலிருந்தே எல்லா டேப்லெட்டிலும் இருக்கும். மாணவர் சேர்க்கையின்போது பெற்றோருக்குக் கொடுக்கும் தாளில் நிறப்பார்வை பற்றி ஒரு கேள்வி சேர்க்கிறோம், பதில் சொல்வது அவரவர் விருப்பம். வேண்டுமென்றே செய்தாயா என்ற கேள்வியை இனி வகுப்பு முன்னால் யாரும் கேட்பதில்லை.

அச்சுக்குப் போகும் படங்களுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. திரையின் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி) நிறம் அச்சின் நான்கு வண்ண சிஎம்ஒய்கே மையாக மாறும்போது பளிச்சென்ற பச்சைகளும் நீலங்களும் மங்கும், வந்த பிரிண்ட் சரியா என்று அவனால் கண்ணால் சரிபார்க்க முடியாது. இந்த ஆண்டுக் கண்காட்சிக்குத் திரை ஆசிரியர்தான் பிரிண்ட்டைப் பார்த்துச் சரி சொன்னார். அடுத்த ஆண்டு, பிரிண்ட்டின் ஓரத்தில் அவனுடைய ஸ்வாட்ச் பட்டையையும் சேர்த்து அச்சிட்டு, எந்த நிறம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று நிறம் அளக்கும் கருவியால் எண்ணெடுத்துப் பார்க்கலாமா என்று சோதிக்கப்போகிறோம். இந்த யோசனையைச் சொன்னது அவன்தான்.